எல்கைக் கோட்டில் நின்ற கேமரா

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்கள். கேமராவைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிடியுங்கள், அதுதான் முறை.

இடது மூலையில் ஒரு கீறல் தெரிகிறதா? விளம்பரத்தில் போட்ட படத்தில் அது தெரிந்திருக்காது. வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து விழுந்ததால் அப்படி. மறைக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. அதனால்தான் படத்துக்குக் கீழே 'சிறு கீறல் உண்டு' என்று தனியாக எழுதினேன். உங்களுக்கு முன் இரண்டு பேர் வந்தார்கள். கீறல் எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். அதெல்லாம் எதுக்குப்பா, கடைசி விலை என்ன என்றார்கள். அப்படி விற்க எனக்கு மனம் வரவில்லை. பழைய பொருளை வாங்குகிறவருக்கு அதற்கு நடந்தது முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்கள்.

மகளுக்கு என்றுதானே போனில் சொன்னீர்கள்? விஸ்காம் முதல் வருடம். முதல் கேமராவுக்கு இது போதும் சார். இருபத்து நாலு மெகாபிக்சல். கூடவே வந்த லென்ஸ்தான், பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து வரை. ஆரம்பத்திலேயே பெரிய லென்ஸ் கேட்டால் வாங்கிக் கொடுக்காதீர்கள். இதிலேயே ஒரு வருடம் எடுக்கட்டும். கை பழகிய பிறகு எது தேவை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

நான் வாங்கியபோது கேட்டுச் செய்ய ஆள் இல்லை. அப்பாவுக்கு செங்கல் சூளை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான்தான். அதற்குச் சான்றிதழே இருக்கிறது சார், தாசில்தார் கையெழுத்தோடு, முதல் பட்டதாரி என்று. ஆகவே ஒரு நோட்டுப் போட்டு, எழுபது எண்பது வீடியோ பார்த்து, எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். கடைசியில் இரண்டு மாடல் நின்றது. ஒன்று ஒரு நொடிக்கு மூன்று படம் எடுக்கும். இன்னொன்று ஐந்து. கடைக்காரர் நல்ல மனிதர். "ஓடுறது, பறக்குறது எடுப்பீங்களா தம்பி? கல்யாணம், காதுகுத்துன்னா மூணே போதும்" என்றார். ஓடுவதை எடுக்க மாட்டேன் என்று சொல்லி இதை வாங்கினேன். மிச்சத்துக்கு ஒரு பையும் முக்காலியும் எடுத்துக்கொண்டேன். பையும் உங்களுக்குத்தான். ஓடுவதை எடுக்க மாட்டேன் என்று சொன்னது பொய் இல்லை, அன்றைக்கு அது உண்மை.

ஒரு வருடம் அப்படித்தான் போனது. சடங்கு, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா. பிறகு வேம்பனேந்தலிலிருந்து தவமணி அண்ணன் வந்தார். எங்கள் சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? எல்கைப் பந்தயம் என்பார்கள். தார்ச்சாலையில் மூன்று மைல் போய், கொடி நட்ட இடத்தில் திரும்பி, மூன்று மைல் வர வேண்டும். புறப்பட்ட இடத்தில் சுண்ணாம்பில் ஒரு கோடு. அதுதான் எல்கை. எந்த மாட்டின் தலை முதலில் கோட்டைத் தாண்டுகிறதோ அந்த வண்டிதான் முதல். தவமணி அண்ணன் அந்த ஊர்ப் பந்தயக் கமிட்டிச் செயலாளர்.

முந்தின வருடம் இரண்டு வண்டி ஒன்றாக வந்து தகராறாகிவிட்டதாம். ஒருவருக்கு முன்பல் நாலும் போயிருக்கிறது. இன்னொருவர் காதைக் கடித்துத் துப்பிவிட்டார்கள். எல்லாம் அடங்கியது என்று நினைத்தபோது, கட்டுத்தறியில் நின்ற மாட்டின் பின்னங்காலை அரிவாளால் வெட்டியிருக்கிறார்கள். விடியும் வரை அந்த மாடு கத்தியதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் வெளியே வரவில்லை. "அதான் இந்த வருசம் போட்டோன்னு முடிவு பண்ணிட்டோம். ஆளு பொய் சொல்லுவான். கேமரா சொல்லாதுல்ல?" என்றார் தவமணி அண்ணன்.

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது சார். நான் படித்தது இயற்பியல். அளந்து பார்த்துச் சொல்வதுதான் உண்மை என்று மூன்று வருடம் எழுதியிருக்கிறேன்.

உடனே நோட்டை எடுத்தேன். புறவழிச்சாலையில் நின்று டவுன்பஸ்களை வைத்து நாலு நாள் பழகினேன். இதை உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள். மேலே இருக்கும் இந்தத் திருகை பச்சைச் சதுரத்தில் வைத்தால் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும். அதை நம்பக் கூடாது. ஓடுகிற பொருளுக்கு 'டிவி' என்று போட்டிருக்கும் இடத்தில் வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி என்று நாமே சொல்ல வேண்டும். அப்போதுதான் உறைந்து நிற்கும். பேருந்தின் சக்கரக் கம்பி, சன்னலில் இருந்து துப்பிய எச்சில் எல்லாம் நின்றது. அந்த அளவுக்குத் தயாரானேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு மாற்றம் செய்தேன். அதுதான் தவறு. தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

இதில் படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஜேபெக் என்பது கேமராவே சுருக்கி, பூசி மெழுகிக் கொடுப்பது. ரா என்பது அசல், உள்ளே விழுந்த வெளிச்சம் அப்படியே இருக்கும். நாலு நாளும் ஜேபெக்கில்தான் பழகினேன். அன்றைக்கு மத்தியானம் ஒரு யோசனை வந்தது. நாளைக்கு ஒருவர் வந்து, இந்தப் படத்தை நீ மாற்றிவிட்டாய், அசல் எங்கே என்று கேட்டால்? சார், நான் ஜெராக்ஸை நீட்டிய இடமெல்லாம் அசல் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கல்லூரியில், உதவித்தொகை வாங்கப் போன இடத்தில், தேர்வாணையத்தில். சாதிச் சான்றிதழின் அசல் இல்லாமல் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறேன். அசல் இல்லாதவன் பேச்சு எடுபடாது. ஆகவே இரண்டும் சேர்ந்து விழுகிற மாதிரி வைத்தேன், அசலும் நகலும். மாற்றிய பிறகு மறுபடி ஒரு பேருந்தை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இந்த விலைக் கேமராவில் அப்படி வைத்தால் தொடர்ந்து ஆறு படம்தான் விழும். பிறகு நின்றுவிடும். உள்ளே இருப்பதைக் கார்டில் எழுதி முடிக்கும் வரை பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அடிக்காது. பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். இதை அவசியம் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். கோட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பீப்பாய் போட்டு, அதன் மேல் பலகை வைத்திருந்தார்கள். முக்காலியை வைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் மாடுகளோடு வந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. முன்பு ஒரு பந்தயத்தில் கயிறு சுற்றிப் போயிருக்கிறது. பெயர் சோணைமுத்து. அவர் மாடு, அவர் வண்டி, அவரே சாரதி. "எங்க பயலுக ரெண்டு பேரையும் ஒரு படம் எடு தம்பி. எங்க வீட்டுல போட்டோன்னா ரேசன் கார்டுல இருக்கிறதுதான், அதுல நானே எனக்குத் திருடன் மாதிரி தெரியிறேன்" என்று சிரித்தார். எடுத்தேன். மாடுகளுக்கு நடுவில் இரண்டு கழுத்திலும் கை போட்டு நின்றார். அந்தப் படம் நன்றாக வந்தது. அதில் குறையே இல்லை.

இன்னொரு வண்டி ராசாங்கம் அண்ணனுடையது. அந்த ஊரில் குளம், தோப்பு, கல்குவாரி எல்லாம் அவர்தான். தவமணி அண்ணனுக்கு மச்சான். சாரதியைக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். வந்த வண்டிகள் பதினொன்று, ஆனால் ஊர் பேசியது இந்த இரண்டைப் பற்றித்தான்.

பந்தயத்தை நான் ரசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன் சார். குச்சியின் நுனியில் ஆணி அடித்திருப்பார்கள். தொடையில் குத்திக் குத்தி ரத்தம் குளம்பு வரை வழியும். அதுவும் போதாது என்றால் சாரதி குனிந்து வாலைக் கடிப்பார். கொடியில் திரும்பும்போது ஒரு வண்டி கவிழ்ந்து, கூட ஓடிய துணைச் சாரதியைக் கயிற்றோடு சாலையில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முதுகில் தோலே இல்லை என்று பைக்கில் வந்தவர்கள் கத்திக்கொண்டே போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. வண்டிகளுக்குப் பின்னால் பைக்குகள், இருநூறுக்குக் குறையாது. புழுதி அதிகம். லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி வடிகட்டி ஒன்று போட்டிருந்தேன், அதனால் லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வடிகட்டியும் உங்களுக்குத்தான்.

இரண்டு வண்டியும் ஒன்றாகத்தான் வந்தன. எண்பதடி தூரத்தில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ஆறாவது படத்தில் ராசாங்கம் அண்ணன் மாடு அரைத்தலை முன்னால் இருந்தது. கோட்டுக்கு இன்னும் பதினைந்தடி. ஏழாவது விழவில்லை. அழுத்துகிறேன், அழுத்துகிறேன், விழவில்லை. சிவப்பு விளக்கு மினுக்குகிறது. மறுபடி அடித்தபோது இரண்டு வண்டியும் கோட்டைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய்விட்டன.

கேமரா நின்றதே தவிர, கண் வைத்துப் பார்க்கும் துளை அடைபடவில்லை. அது வெறும் கண்ணாடிதான், எதிரில் இருப்பது அப்படியே தெரியும். கடைசிப் பதினைந்தடியில் சோணைமுத்து எழுந்து நின்று, குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, வெறும் கையால் மாட்டின் முதுகில் தட்டினார். அவருடைய இடது மாடு ஒரு முழம் முன்னால் வந்து கோட்டைத் தாண்டியது. நான் பார்த்தேன். என்னைவிடப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் படம் இல்லையே சார்.

தவமணி அண்ணன் பலகையில் ஏறிவிட்டார். நூறு பேர் பீப்பாயைச் சுற்றிக்கொண்டார்கள். படத்தைக் காட்டு என்றார். கோட்டில் படம் இல்லை என்று சொன்னேன். அதற்கு முந்தின படத்தைக் காட்டு என்றார். காட்டினேன்.

"இதுல யாரு முன்னாடி?"

"இந்தப் படத்துல ராசாங்கம் அண்ணன் வண்டிண்ணே" என்றேன்.

அவர் மைக்கை வாங்கி, போட்டோப்படி முதல் பரிசு ராசாங்கம் என்று சொல்லிவிட்டார். நான் சொன்னதில் 'இந்தப் படத்தில்' என்ற சொல் இருந்தது. அதை அவர் விட்டுவிட்டார். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

சோணைமுத்து மாட்டை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தார். கோபமாக வரவில்லை. முதலில் சிரித்தார். தம்பி, நீ கோட்டில்தானே நின்றாய், சொல்லு என்றார். கோட்டில் படம் விழவில்லை அண்ணே என்றேன். படத்தை விடு, நீ சொல்லு என்றார். நான் மறுபடியும் படம் இல்லை அண்ணே என்றேன். தேர்வில் வினாவுக்கு மட்டும்தான் விடை எழுத வேண்டும், அதிகமாக எழுதினால் மதிப்பெண் கிடையாது. அன்றைக்கு வினா, படம் என்ன சொல்கிறது என்பதுதான். அப்படித்தான் ஒப்பந்தம்.

அவர் வாரைப் பிடித்தார். இதோ, இந்த வார்தான். உடைக்க வேண்டும் என்று பிடிக்கவில்லை. உள்ளே பார்க்க வேண்டும் என்று இழுத்தார். கேமரா முக்காலியிலிருந்து கழன்று சாலையில் விழுந்தது. அப்படி வந்ததுதான் இந்தக் கீறல்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஆனால் பாதியில் நிறுத்தினால் விழுந்த பிறகு கேமரா சரியாக வேலை செய்ததா என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

"கேமரா மேல கைய வைக்கிறியா?" என்று ராசாங்கம் அண்ணன் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு சோணைமுத்துவின் வாயில் குத்தினார். ராசாங்கம் அண்ணனுடைய தம்பி மகன்கள், மூத்தவனும் இளையவனும், பின்னாலிருந்து முடியைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். எல்லாம் என் கேமராவுக்காக என்று கத்திக்கொண்டே அடித்தார்கள். பள்ளிக்கூடப் பையன் பாவம், அவன் பொருளை உடைக்கிறான் பார் என்றார்கள். நான் பள்ளிக்கூடப் பையன் இல்லை, பட்டம் வாங்கியவன். ஆனால் அதைச் சொல்கிற நேரமில்லை.

கேமராவை எடுத்தேன். லென்ஸ் உடையவில்லை. ஆனால் ஓடுகிறதா? அதை எடுத்துப் பார்த்தால்தானே தெரியும். முதல் வேலையாக ஜேபெக்குக்கு மாற்றினேன், தப்பு எதுவென்று அதற்குள் புரிந்துவிட்டது. கண்ணில் வைத்து அழுத்தினேன். அடித்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அடித்தது. ஒரு முறைகூட நிற்கவில்லை சார்.

பக்கத்தில் மாடு அவிழ்த்து நின்ற வண்டியிலிருந்து நுகத்தடியை உருவினார்கள். நுகத்தடி எவ்வளவு கனம் தெரியுமா? இரண்டு மாட்டின் கழுத்து தாங்குவது. மூத்தவன் அதை இரண்டு கையாலும் தூக்கினான். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் படம் இருட்டாக வந்தது, ஐந்நூறுக்கு இறக்கினேன். தடி மேலே இருப்பது, கீழே வருவது, பட்டது எல்லாம் தனித்தனியாக விழுந்தன. முழங்காலில் அடித்தபோது கேட்ட சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. பிறகு முதுகு. பிறகு அவர் கையைத் தலைக்குக் குறுக்கே வைத்தார், அந்தக் கை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. இளையவன் வாயில் செருப்புக் காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். தவமணி அண்ணன் கூட்டத்தைத் தள்ளி, யாரும் உள்ளே வராதீர்கள், பஞ்சாயத்து நடக்கிறது என்றார். நூறு பேரும் பஞ்சாயத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ராசாங்கம் அண்ணன் தடியை வாங்கினார். தலையில் ஒரே அடி. அதற்குப் பிறகு அவர்களே நிறுத்திவிட்டார்கள். சோணைமுத்துவின் வண்டியில் பூட்டியிருந்த மாடுகள் அசையாமல் நின்றன.

நாற்பத்து மூன்று படம். ஒவ்வொன்றும் சரியாக ஃபோகஸ் ஆகியிருந்தது. கீழே விழுந்ததால் இதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

சோணைமுத்து ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். கண்ணே திறக்கவில்லை என்றார்கள். பந்தயத்தில் வண்டியிலிருந்து தவறி விழுந்து, சக்கரம் ஏறி இறந்தார் என்று வழக்கு எழுதினார்கள். அந்த ஊரில் பதினாறு பேர் அப்படித்தான் சொன்னார்கள். ஏட்டு ஒருவர் என்னிடமும் வந்தார், இதே கட்டிலில்தான் உட்கார்ந்தார். தம்பி, வண்டியிலிருந்து விழுந்த படம் இருக்கிறதா என்று கேட்டார். விழுந்த படம் இல்லை சார் என்றேன். அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. நானாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சார், தேர்வாணையத் தேர்வில் எனக்கு இளநிலை உதவியாளர் கிடைத்திருக்கிறது. அசல் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. இனி போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. கொலை வழக்கில் சாட்சி என்று பெயர் வந்தாலே ஃபைலை ஓரமாக வைத்துவிடுவார்களாம், கூடப் படித்தவன் சொன்னான். உண்மையா பொய்யா என்று விசாரிக்க எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. ராசாங்கம் அண்ணன் ஆள்கள் ஒருநாள் சூளைக்குப் போய் அப்பாவோடு டீ குடித்திருக்கிறார்கள். டீ மட்டும்தான் குடித்தார்கள். மகன் நல்லாப் படிக்கிறான் போல என்று கேட்டுவிட்டு, சூளைக்குள் எட்டிப் பார்த்து, உள்ள விழுந்தா எலும்பாச்சும் மிஞ்சுமா என்று சிரித்தார்களாம். அப்பாவும் சிரித்திருக்கிறார்.

போன வாரம் ஒரு பகலில் கதவைத் தட்டினார்கள். சோணைமுத்துவின் மனைவி. பெயர் பஞ்சவர்ணம். மூன்று பேருந்து மாறி, விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். அழவில்லை சார். முதலில் வீட்டுக்காரர் மாடுகளோடு நிற்கிற படம் இருக்கிறதாமே என்றார். பந்தயத்தன்று காலையில் புறப்படும்போது அவர், இன்னைக்குப் படம் எடுத்துக்கிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்தத் திரையில் காட்டினேன். நகத்தால் அவர் முகத்தைத் தொட்டார். தொடுதிரை இல்லை இது, பொத்தான்தான், ஆகவே ஒன்றும் ஆகவில்லை. வேட்டியை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டியிருக்கலாம் என்றார்.

பிறகு கேட்டார். "அவரை அடிச்சது யாருன்னு உங்க கேமரா பாத்துச்சா தம்பி?"

நான் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அதனால் கேமராவை அவர் கையில் கொடுத்து, கண்ணில் வைக்கச் சொல்லி, பொத்தானை நானே அழுத்தினேன். "பாத்தீங்களாக்கா? படம் விழுகிற நேரத்துல உள்ளே ஒரு கண்ணாடி மேலே தூக்கிக்கும். அப்ப துளை இருட்டாயிரும். படம் எடுக்கிறவனுக்கு மட்டும் அந்த நேரத்துல ஒன்னும் தெரியாது" என்றேன். இந்த வகைக் கேமரா எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சார், இதில் மட்டும் உள்ள குறை இல்லை.

அவர் கேமராவை இறக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். இன்னொரு முறை கேட்டார். அழுத்தினேன்.

"இந்த இருட்டு எவ்வளவு நேரந் தம்பி?"

"ஒரு நொடியில பத்துல ஒரு பங்குக்கா."

"அவரை எவ்வளவு நேரம் அடிச்சாய்ங்க?"

நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிந்திருக்கும் சார், முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் கழித்துப் பார்த்திருந்தேன். "நாலு நிமிசம் பதினோரு நொடி" என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"அப்ப மிச்ச நேரம் தம்பி?"

நான் தண்ணீர் எடுக்கப் போனேன். சொம்போடு திரும்பி வந்தபோது அவர் இல்லை, கேமரா கட்டிலில் இருந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன், வெயிலில் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். திரும்ப வருவார் என்றுதான் தோன்றுகிறது. அதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக விளம்பரம் போட்டேன். கேமரா என்னிடம் இல்லை என்றால், இல்லை என்று சொல்லலாம். அப்போது அதுவும் உண்மையாக இருக்கும்.

இருங்கள் சார், கார்டும் இதோடு சேர்த்துத்தான். பதினாறு ஜிபி, வேகமானது. அடுத்தவர் படத்தோடு கார்டைக் கொடுப்பது முறையில்லை. நானே தனியாக உட்கார்ந்து அழித்திருக்கலாம், ஐந்தாறு முறை இந்த இடம் வரை வந்தேன். விரல் போகவில்லை. வாங்குகிறவர் முன்னால் செய்தால் அவருக்கும் நம்பிக்கையாக இருக்கும் என்று வைத்திருந்தேன். இதோ, மெனுவுக்குப் போய், இந்தச் சாவிக் குறிக்குப் போய், ஃபார்மட். பாருங்கள், எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்கிறது. 'சரி' என்பதை நீங்களே அழுத்துங்கள் சார். பொருள் இனி உங்களுடையது, நீங்கள் அழுத்துவதுதான் நியாயம்.

அழுத்துங்கள் சார்.

என்ன சார்? முதலில் பார்க்க வேண்டுமா? அந்தப் படங்களையா?

பார்க்கலாம் சார். பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் எப்படி இல்லை என்பேன். மெனுவிலிருந்து வெளியே வந்து, முக்கோணம் போட்ட இந்தப் பொத்தான். பிறகு அம்புக்குறியை வலது பக்கம் அழுத்திக்கொண்டே போங்கள். முதல் படம் கொஞ்சம் இருட்டாக இருக்கும். இரண்டாவதிலிருந்து முகங்கள் தெளிவாகத் தெரியும்.